ரோசாம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர் ஹாஜா. கோபக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். ஏன் வாங்க மாட்டேன்? பரீட்சை மணி அடிக்கிற நேரத்தில் மூச்சு வாங்க ஓடிவந்து, “பாய், முக்கியமான கேள்வி மட்டும் எடுத்துத் தாங்க” என்பான் ஒருத்தன். “எது முக்கியம்னு எனக்கு எப்படிலே தெரியும்? நானா கேள்வித்தாள் போடுதேன்?” என்று கத்தினால், “பாய்க்கு இன்னைக்கு மூடு சரியில்ல” என்று பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்வான். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு மூடு சரியில்லை.

அந்தக் கடையில் நான் எழுந்து நின்று பேசிய ஒரே ஆள் அம்பலவாணன் சார். ஆங்கிலத் துறை. திருநெல்வேலி டவுணில் வீடு. சைவக் குடும்பம். தாத்தா காலத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் வயல் இருந்ததாம். சார் காலத்துக்கு மிஞ்சியது நெற்றி நிறையத் திருநீறும், மேட்டில் ஏறும்போது காலால் உந்த வேண்டிய ஒரு மொபெட்டும்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்தால் தாளின் நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்ப்பார். ஓர் எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தாலும், “ஹாஜா, இதுக்குக் கை போச்சு வே” என்று துக்கமாகச் சொல்வார்.

துக்கம் என்றதும் சாரின் பெரிய பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். சாவு வீட்டுக்குப் போய் வருத்தம் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். சார் ஒரு துட்டியும் விட்டதில்லை. டவுணிலிருந்து கல்லூரிக்கு வருகிற வழியில் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எல்லாம் வண்டியை நிறுத்திப் படிப்பார். அதற்கென்று ஒரு சாம்பல் நிறச் சட்டை, அது எப்போதும் வண்டிப் பெட்டிக்குள் மடித்து இருக்கும். ஒருமுறை வண்ணார்பேட்டையில் வீடு மாறிப் போய்விட்டார். ஒரே தெருவில் ஒரே பேரில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் போயிருக்கிறார்கள். உட்கார்ந்து கால் மணி நேரம் அழுதபிறகுதான் போட்டோவைப் பார்த்திருக்கிறார். எழுந்து வந்தாரா? தூக்குகிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் வந்தார். “கூட்டமே இல்ல வே. நாலு பேருதான். நம்ம தப்பாப் போனதும் நல்லதாப் போச்சு” என்றார். ஆள் இல்லாத சாவு அவருக்கு ஆகாது. அதை அவரால் தாங்கவே முடியாது.

இந்தக் கதையில் என் பங்கு ஒன்று இருக்கிறது. அதை இப்போதே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். தள்ளிப்போட்டால் மறைத்துவிடுவேன்.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் மூன்றாம் வருஷ பி.ஏ. ஆங்கிலத்துக்குப் புதிதாக ஒரு பாடம் வந்தது. ரோசா கெல்மன் என்கிற யூதப் பெண் எழுதிய தன் வரலாறு. நாஜிகள் யூதர்களைக் குடும்பம் குடும்பமாக ரயிலில் அள்ளிக்கொண்டு போய் முகாம்களில் அடைத்துக் கொன்றார்கள் அல்லவா, அதில் பதினைந்து வயதில் அகப்பட்டவள். முழுப் புத்தகமும் இல்லை. முதல் ஏழு அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் பாடநூலில் சேர்த்திருந்தார்கள். அப்பாவையும் தங்கையையும் ரயில் நின்ற அன்றே பிரித்துக் கூட்டிப் போய்விடுகிறார்கள். அம்மாவும் ரோசாவும் ஒரே கொட்டடியில். ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டிதான் ஒரு நாள் சாப்பாடு. அம்மாவும் ஒரு குளிரில் போய்விடுகிறாள். கடைசியில் முகாமைக் காலி செய்து, மிச்சம் இருப்பவர்களைப் பனியில் நடக்க விடுகிறார்கள். ரோசா விழுகிறாள். ‘பனி கதகதப்பாக இருந்தது’ என்ற வரியோடு பாடம் நின்றுவிடும்.

இந்தப் பாடத்துக்கு, ஓய்வு பெற்றுப் போகிற பேராசிரியர் ஒருவர் கையால் நோட்ஸ் எழுதி என்னிடம் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அடித்துக்கொண்டே வந்தால் கடைசித் தாளைக் காணோம். அதற்கு முந்தின தாளில் வட்டமாக எண்ணெய்க் கறை. கடைசித் தாளில் அவர் வடை வைத்துத் தின்றிருக்கிறார் என்று புரிந்தது. மறுநாள் காலையில் நோட்ஸ் வேண்டும் என்று வாசலில் அறுபது பிள்ளைகள். பாடத்தில் பனியில் விழுந்தாகிவிட்டது, அப்புறம் என்ன ஆகியிருக்கும்? நான் பகலெல்லாம் கண்ணீர் அஞ்சலி கார்டு அடிக்கிறவன். கை தானாகவே ஓடியது. ‘இவ்வாறாக ரோசா அம்மையார் பனியிலேயே இறைவனடி சேர்ந்தார்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முற்றும் போட்டு, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுவிட்டேன்.

செத்தவள் எப்படிப் புத்தகம் எழுதினாள் என்று நானும் யோசிக்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஏறக்குறைய அறுநூறு பேர் அந்த அம்மாவைப் பரீட்சையில் சாகடித்துப் பாஸ் பண்ணிப் போனார்கள். ஒருத்தருக்கும் ஒரு மார்க் குறையவில்லை.

சார் சும்மா நோட்ஸ் வாசிக்கிற ஆள் இல்லை. அந்த ஏழு அத்தியாயத்தையும் உருகி உருகி நடத்துவார். எழுதினவள் செத்துப்போனாள் என்றால் அது நாட்குறிப்பு, கோட்டுப் பையில் இருந்து யாரோ எடுத்திருப்பார்கள் என்று அவரே ஒரு சமாதானம் வைத்திருந்தார். மூத்த பேராசிரியர் எழுதிய நோட்ஸ் அல்லவா, அதைச் சந்தேகிக்கலாமா? முதல் வருஷம் பாடத்தை முடித்த அன்று கடைக்கு வந்தவர், கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்பா இல்ல, அம்மா இல்ல, தங்கச்சி இல்ல. அந்தப் பிள்ளையும் போயிட்டு. ஒரு வாய்த் தண்ணி விட ஆள் கிடையாது வே.”

“எழுபது வருஷத்துக்கு முன்னால நடந்தது சார்.”

“அதுக்கு? எழுபது வருஷமாத் தாகமா இருக்கும்லா?” என்றார். டீ சொன்னேன்.

அதற்குப் பத்து நாளில் ஆடி அமாவாசை. அன்றைக்குத் தாமிரபரணிக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. செத்த திதி தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். சார் அங்கே குறுக்குத்துறைப் படித்துறையில் தன் அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. கணேஷ்ராம் சாஸ்திரிகளிடம், இன்னொருத்தருக்கும் கொடுக்கணும் என்றாராம். நடந்ததை சாஸ்திரிகளே பிற்பாடு எனக்கு நடித்துக் காட்டினார்.

“பேரு?”

“ரோசா.”

“ரோசாம்பாள். கோத்திரம்?”

“தெரியாது.”

“தெரியலேன்னா காசியபர்ல சேத்துடலாம். உங்களுக்கு என்ன உறவு?”

சார் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். “மூணாம் வருஷப் பாடம்” என்றிருக்கிறார்.

சாஸ்திரிகள் கை நிறையத் தர்ப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டபிறகுதான், “உறவில்லாதவாளுக்கும் கொடுக்கலாம். காருண்ய பித்ருன்னு பேரு. கையை நீட்டுங்கோ” என்றிருக்கிறார்.

அத்தோடு நிற்கவில்லை. காக்காய்க்கு வைக்கிற இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டியும் வைத்தார் சார். பாடம் முழுக்க அந்தப் பிள்ளை ரொட்டி ரொட்டி என்றுதானே ஏங்கியிருந்தது. ரொட்டி வாங்கியது என் கடைக்கு அடுத்த பேக்கரியில். “இனிப்பு இல்லாத ரொட்டி குடு” என்றால் இசக்கியப்பன் முழிப்பான், “இனிப்பில்லாம எவன் சார் தின்பான்?” என்பான். “தின்பாங்க, நீ குடு” என்பார். மறுநாள் கடைக்கு வந்து, குரலைத் தணித்து, “ஹாஜா, காக்கா சோத்தைத் தொடல வே. நேரா ரொட்டியைத்தான் எடுத்துச்சு” என்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் அடித்த ஒற்றை வரி இந்த மனுஷனை ஆற்றில் இறக்கியிருக்கிறது என்று அப்போது நினைக்கவில்லை. கை எழுதியதை மனசு எப்போதோ மறந்திருந்தது.

பதினோரு ஆடி அமாவாசை இப்படியே போயிற்று.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு, ஜூலை மாதம். சாருக்கு மறுவருஷம் ஓய்வு. அந்த வகுப்பில் ஸமீஹா என்று ஒரு பிள்ளை. மேலப்பாளையம், வாப்பா சவூதியில். என் நோட்ஸை வாங்காத ஒரே பிள்ளை என்பதால் எனக்கு ஏற்கெனவே அவள்மேல் கோபம். சார் பாடத்தை முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து எழுந்திருக்கிறாள்.

“சார், நான் முழுப் புத்தகத்தையும் போன்ல படிச்சேன். இன்னும் பன்னிரண்டு அத்தியாயம் இருக்கு சார்.”

“பன்னிரண்டா? செத்தப்புறம் என்னம்மா பன்னிரண்டு அத்தியாயம்?”

“அவங்க சாகல சார். பனில கிடந்தவங்கள ஒரு விவசாயி வீட்டுல தூக்கிட்டுப் போயிட்டாங்க. கனடாவுல இருக்காங்க. தொண்ணூத்தஞ்சு வயசு. போன மாசம்கூட ஒரு ஸ்கூல்ல பேசியிருக்காங்க, பாருங்க.”

போனில் ஒரு கிழவி. பஞ்சு மாதிரித் தலை. மைக்கை மிகவும் தள்ளிப் பிடித்ததற்காக ஒரு வாத்தியாரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். சார் முதலில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாராம். “நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்” என்றாராம். சந்தோஷத்தில் கண் கலங்கியிருக்கிறது. அப்புறம்தான் ஏதோ உறைத்து, முகம் வெளுத்து, வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தார்.

“ஹாஜா, ஒரு சோடா. ரோசாம்மா உசுரோட இருக்காங்க வே.”

“எந்த ரோசாம்மா?” என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்கு அந்த எண்ணெய்க் கறைத் தாள் ஞாபகம் வந்துவிட்டது. சோடாவை உடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

“உசுரோட இருக்க ஒரு மனுஷிக்குப் பதினோரு வருஷமாத் திதி குடுத்திருக்கேன்.”

“சார், செத்துட்டதாச் சேதி பரவுனா ஆயுசு கெட்டின்னு சொல்வாங்கல்லா? நீங்க பதினோரு தடவை பரப்பியிருக்கீங்க. அதான் தொண்ணூத்தஞ்சு.”

சார் சிரிக்கவில்லை. சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “அப்போ பதினோரு வருஷமா அந்த ரொட்டியத் தின்னது யாரு வே?”

“காக்கா” என்றேன்.

அவர் பார்த்த பார்வையில் அது பதில் இல்லை என்று தெரிந்தது.

அன்று சாயங்காலமே சாஸ்திரிகளிடம் போனோம். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், மூடினார், மறுபடி புரட்டினார். “எங்க தோப்பனார் காலத்துலேர்ந்து இப்படி ஒரு கேஸ் வந்ததில்லே. அந்த அம்மா தன் வாயால மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா தோஷம் இல்லே. இங்கேர்ந்து நான் பண்றதுக்கு ஒண்ணும் இல்லே” என்று கை விரித்தார்.

சார் அங்கேயே முடிவு பண்ணிவிட்டார். அந்த ஒரு வார்த்தை வருகிற வரைக்கும் ஆற்றில் கால் வைக்க மாட்டாராம். இந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எந்தக் கையால் தண்ணீர் விடுவது என்று கேட்டார். ஆடி அமாவாசைக்கு நாலு வாரம் இருந்தது.

மறுநாள் அவர் வீட்டம்மா ஆவுடைத்தாய் கடைக்கே வந்துவிட்டார்கள். “அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. உசுரோட இருக்க பொம்பளைக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சிருக்கீயளேன்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன், சோறு இறங்க மாட்டேங்குது அவாளுக்கு. எங்க மாமனாரு உசுரோட இருக்கும்போதே கோவக்காரரு. இந்த வருஷம் தண்ணி கிடைக்கலன்னா மகன்கிட்டயா கேப்பாரு? என் கனவுலதான் வந்து நிப்பாரு.”

கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. ஸமீஹா எங்கெங்கோ தேடி, அந்த அம்மா பேசப் போகிற ஓர் அமைப்பின் மின்னஞ்சல் முகவரியைப் பிடித்தாள். என் கடைக் கம்ப்யூட்டரில்தான் அடித்தோம். சார் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முப்பது வருஷம் இயக்குநர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிய கை, அவருக்கு வேறு மாதிரி எழுத வராது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். ‘மதிப்புக்குரிய அம்மையார் அவர்களுக்கு. பொருள்: தாங்கள் உயிருடன் இருக்கையில் பதினோரு முறை திதி கொடுத்தமைக்கு மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் நூல், அத்தியாயம் ஏழு, கடைசி வரி.’

ஸமீஹா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். சார் ஒன்றையும் கவனிக்கவில்லை. திதி என்றால் என்ன, எள் எதற்கு, தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசை எதற்கு என்று எல்லாம் விளக்கிவிட்டு, காக்காய்க்கு வந்தார்.

“சார், காக்கா மட்டும் வேண்டாம் சார். அவங்களுக்குப் புரியாது” என்றாள் அவள்.

“ரொட்டி யாரு எடுத்தான்னு அந்த அம்மாவுக்குப் புரியாமப் போகுமா? அடியும் ஹாஜா.”

அடித்தேன். அந்த ரொட்டி இத்தனை வருஷம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமல் தவிப்பதாகவும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதையும் அடித்தேன். ‘பணிவுடன், தங்கள் உண்மையுள்ள’ போட்டு அனுப்பினோம்.

ஒரு வாரம் பதில் இல்லை. சார் தினம் மூன்று வேளை வந்து, “பாத்தீரா வே?” என்பார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். வீட்டில் இந்தக் கூத்தைச் சொன்னேன். எண்ணெய்த் தாள் விஷயத்தையும் அன்றுதான் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். என் மனைவி ஆபிதா பீவி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். “அவுக கனடா வரைக்கும் மன்னிப்புக் கேக்காக. நீங்க ரோட்டத் தாண்டிப் போயி ஒரு மன்னிப்புக் கேக்கக் கூடாதா?” என்றாள். சொல்லிவிட்டுக் கீரையை அலசப் போய்விட்டாள். இன்னும் பேசியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

ரோட்டைத் தாண்டிப் போனேன். துறை அறையில் தனியாக இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வடையைக்கூட விடவில்லை.

“நீரா வே?” என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், நான் தினம் கத்துகிறவன், அந்தப் பாஷை எனக்குத் தெரியும். அவர் மேஜையில் இருந்த என் நோட்ஸை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பைய மூடி இழுப்பறையில் வைத்தார்.

அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை. மூலையில் புதிதாகத் திறந்த கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்தார். அந்த மெஷின் ஒவ்வொரு தாளிலும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு போடும். தாளின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிற மனுஷன், நடுவில் கோடு போட்ட தாளை வாங்கிக்கொண்டு என் கடையைப் பார்க்காமல் போகிறார். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த அத்தனை பேரையும் திட்டினேன்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மத்தியானம் ஸமீஹா ஓடி வந்தாள். பின்னாலேயே சார். மின்னஞ்சல் என் கடைக் கணக்குக்குத்தானே வரும், வேறு வழி? என் முகத்தைப் பார்க்காமல், “பிரிண்ட் எடும்” என்றார். எடுத்தேன். கண்ணாடி நனைந்து அவருக்குத் தெரியவில்லை. ஸமீஹா வாசித்துத் தமிழில் சொன்னாள்.

‘அன்புள்ள பேராசிரியருக்கு. நான் இறந்துவிட்டதாக ஏற்கெனவே ஒரு முறை, என்னைப் பனியில் விட்டுப் போனவர்கள் நம்பியிருக்கிறார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. உங்களிடம் எள் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே மன்னித்தேன்.’

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “மன்னித்தேன்னா போட்டிருக்கு? சரியாப் பாரும்மா.”

“போட்டிருக்கு சார். இன்னும் இருக்கு.”

‘எங்கள் வழக்கத்தில், இறந்த நாளில் வருஷாவருஷம் விளக்கு ஏற்றுவோம். என் வீட்டாருக்கு நாள் தெரியாது. எண்பது வருஷமாக எந்த நாளில் ஏற்றுவது என்று தெரியாமல் தோன்றும்போதெல்லாம் ஏற்றுகிறேன். நாள் தெரியாதவர்களுக்கு என்றே உங்கள் ஊரில் ஒரு நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அம்மா பெயர் இலோனா. அப்பா யாகோப். தங்கை ஹெல்கா, ஒன்பது வயது. அந்த நாளில் இவர்களையும் சேர்த்துக்கொள்வீர்களா? எங்கள் மதப் பெரியவர்கள் சம்மதிப்பார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. தொண்ணூற்றைந்து வயதில் நான்தான் பெரியவள்.’

ஸமீஹா கடைசிப் பத்தியை வாசித்தாள்.

‘ரொட்டி யாருக்குப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். முகாமில் அம்மா தினம் தன் துண்டையும் எனக்கே தந்துவிட்டு, வேலைக்குப் போன இடத்தில் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வாள். நான் நம்பினேன். அங்கே யாருக்கும் எதுவும் தரவில்லை என்று அவள் போனபிறகுதான் தெரிந்தது. பதினோரு வருஷமாக ஒரு ரொட்டி வந்துகொண்டிருந்தது என்றால் அது சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது. நிறுத்திவிடாதீர்கள்.’

கடையில் ஐந்தாறு பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தனும் முக்கியமான கேள்வி கேட்கவில்லை. சார் அழுதார். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. அழுது முடித்து, சார் என் பக்கம் திரும்பினார்.

“ஏ ஹாஜா. நீரு அந்த வரியை அடிக்கலைன்னா அந்தத் தாய்க்கு இத்தனை வருஷம் ரொட்டி போயிருக்குமா வே?”

“சார்…”

“வே, அதுக்காக இனிமே எதையும் சேத்து அடிக்காதியும்” என்றார். பிரிண்ட் எடுத்த தாளின் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த ஆடி அமாவாசைக்கு நானும் குறுக்குத்துறைக்குப் போனேன். சார் அப்பாவுக்குத் தண்ணீர் விட்டார், ஆவுடைத்தாய் அம்மா கரையில் நின்று பெருமூச்சு விட்டார்கள். சாஸ்திரிகள் பயந்துகொண்டே கேட்டார், “ரோசாம்பாள் இந்த வருஷம்…?”

“அவங்க நல்லா இருக்காங்க. இவங்க மூணு பேரு” என்று சார் தாளை நீட்டினார்.

“இவாள்லாம் என்ன உறவு?”

“பாடத்தோட அம்மா, அப்பா, தங்கச்சி.”

சாஸ்திரிகள் இந்த முறை கோத்திரம் கேட்கவில்லை. இலோனாம்பாள், யாகோபர், ஹெல்காம்பாள் என்று மூன்று பேரையும் தாமிரபரணிக்குச் சொன்னார். யாகோப் எங்களுக்கு யாகூப், அந்தப் பேரில் என் மாமா ஒருத்தர் இருந்தார். அந்தப் பேர் அந்த ஆற்றங்கரையில் கேட்டதும் நானும் செத்தவர்களுக்கு ஓதுகிற பாத்திஹாவை வாய்க்குள் ஓதிக்கொண்டேன். ரொட்டியை இலையில் வைத்தது நான்தான், மூன்று துண்டு. இசக்கியப்பன் விஷயம் கேள்விப்பட்டு இனிப்பில்லாமல் தனியாகச் சுட்டுக் கொடுத்திருந்தான். காக்காய் ஒன்று படித்துறைச் சுவரில் வந்து உட்கார்ந்து, சோற்றைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, முதல் துண்டைக் கவ்விக்கொண்டு போயிற்று.

மறுநாள் உட்கார்ந்து நோட்ஸைத் திருத்தினேன். கடைசி வரியை எடுத்துவிட்டேன். இரண்டு மார்க் கேள்வி ஒன்று உண்டு: ‘ரோசாவின் அம்மா தினமும் எங்கே சாப்பிட்டாள்?’ பழைய விடை, ‘வேலை செய்த இடத்தில்.’ பதினோரு வருஷமாக எல்லோருக்கும் இரண்டு மார்க் வாங்கித் தந்த விடை. அதை அழித்துவிட்டு, ‘எங்கேயும் சாப்பிடவில்லை’ என்று அடித்தேன். மனசு கேட்கவில்லை. அதையும் அழித்துவிட்டு, ‘குறுக்குத்துறையில்’ என்று அடித்தேன். இந்தப் பயல்கள் அதையும் அப்படியே பரீட்சையில் எழுதிவைப்பான்கள் என்று நினைப்பு வந்து, அழிக்கக் கை போனது. சேர்த்து அடிக்காதே என்று சார் சொன்னதும் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டு, ‘எங்கேயும் சாப்பிடவில்லை’ என்றே மறுபடி அடித்தேன். அழிப்பதற்கு முன்னால், ‘குறுக்குத்துறையில்’ என்று இருந்ததை ஒரு தாளில் மட்டும் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.